பீப் ஒலிக்குப் பிறகு

வீட்டுச் சங்கதி வாசற்படியைத் தாண்டக் கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம். சட்டம் போட்டவர் குடும்பத் தலைவர். லிப்ட் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எவ்வளவு உயரமான கட்டடமானாலும் அதன் லிப்ட்டைத் தாங்கும் இரும்புக் கயிற்றை விரலால் தடவிப் பார்த்து, ஓர் இழை பிரிந்திருந்தாலும் சான்றிதழில் கையெழுத்துப் போட மறுத்தவர். தெருவில் அவருக்குக் ‘கயிறு சார்’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிடலாமா என்று வாயெடுப்பதற்குள் அவருடைய மீசை கண்ணில் பட்டுவிடும். வந்த பேச்சு தொண்டையிலேயே நின்றுவிடும்.

அப்பேர்ப்பட்டவரின் குரல் ஒரு விடுமுறை நாள் மதியம் அவர் வீட்டு ஒலிபெருக்கியிலிருந்தே கேட்டது.

போட்டுவிட்டவள் பேத்தி. கல்லூரிக்குப் போகிறவள். ‘அவசர வழி’ என்ற ராக் குழு என்றால் அவளுக்கு உயிர். அந்தக் குழுவில் கிதார் வாசிப்பவன் அவளுடைய தாய்மாமன், அதாவது ஆய்வாளரின் ஒரே மகன். மாமன் இல்லாவிட்டாலும் தனக்கு அதுதான் பிடித்த குழுவாக இருந்திருக்கும் என்று அவள் தோழிகளிடம் அடித்துப் பேசுவாள். அந்தக் குழுவின் புதிய ஆல்பம் அன்றைக்குத்தான் வெளியாகியிருந்தது. காலையிலிருந்து அறைக்குள் அடைந்து காதில் மாட்டிக் கேட்டவள், மதியத்துக்கு மேல் பொறுக்கமாட்டாமல் கூடத்துக்கு வந்து எல்லாருக்கும் கேட்கும்படி வைத்துவிட்டாள்.

கிதார் ஒன்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தது. டிரம்ஸ் சேர்ந்தது. சட்டென்று இரண்டும் நின்று, தொலைபேசியில் ஆளில்லாதபோது வருமே, அந்தப் பீப் ஒலி கேட்டது. அதன் பிறகு அவர் குரல்.

“தகவலுக்காக. மேல் தொட்டி கழுவியாச்சு. உங்கம்மா முட்டி அப்படியேதான் இருக்கு. திருப்பிக் கூப்பிட வேண்டாம்.”

குரல் நின்ற இடத்தில் எல்லாக் கிதார்களும் ஒன்றாகப் பாய்ந்தன. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அடுக்களையிலிருந்து அவர் மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். “ஏங்க, நீங்க இங்கதானே உட்கார்ந்திருக்கீங்க?”

“தெரியுதில்ல?”

“அப்போ என் முட்டியைப் பத்திப் பேசினது யாரு?”

பேத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுத்த பாட்டு வந்தது. மறுபடியும் பீப். மறுபடியும் அவர்.

“தகவலுக்காக. உங்கக்கா பொண்ணைக் கூட்டிக்கிட்டு வந்துட்டா. இனிமே இங்கதான். யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்.”

கூடத்தின் மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்த மகளின் கை நின்றது. அவள்தான் அந்த அக்கா. புருஷன் வீட்டை விட்டு வந்ததைப் பக்கத்து வீட்டுக்குக் கூடத் தெரியாமல், ‘லீவுக்கு வந்திருக்கிறாள், உடம்பு தேற வந்திருக்கிறாள்’ என்று வருஷக்கணக்காகப் பூசி மெழுகியவர் அவளுடைய அப்பா.

“யார்கிட்டயும் சொல்ல வேண்டாமாம்” என்றாள் மகள். “அதான் மெட்டுப் போட்டுச் சொல்லிட்டான். போங்கப்பா, எனக்கும் ஒரு வேலை மிச்சம். இனிமே யாரும் ‘எப்போ திரும்பிப் போறே’ன்னு கேக்க மாட்டாங்க.”

அவர் எழுந்து போய் ஒலிபெருக்கியின் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினார்.

இந்தத் தகவல் வைக்கும் வழக்கம் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். மகன் லிப்ட் கம்பெனி வேலையை விட்டுவிட்டுக் கிதாரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அன்று, “நானாக இனி உன்னோடு பேசமாட்டேன்” என்று அவர் சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான். ஆனால் பேசுவது வேறு, தெரிவிப்பது வேறு. அலுவலகத்தில் ஜென்மப் பகைகொண்ட அதிகாரிக்குக் கூட ‘தகவலுக்காக’ என்று தலைப்பிட்டு ஒரு தாள் அனுப்பலாம்; அதனால் இவர் இறங்கிப் போனதாக ஆகாது. எனவே குழுவின் மேடைத் தேதிகளைப் பேத்தி சுவரில் ஒட்டி வைத்திருக்கும் சுவரொட்டியில் பார்த்துக்கொள்வார். மகன் மேடையில் நிற்கும் நேரமாகப் பார்த்துக் கூப்பிடுவார். அவன் எடுக்கமாட்டான் என்பது நிச்சயம். பீப் ஒலி வரும். தகவலைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். சத்தியமும் மீறப்படவில்லை, சங்கதியும் போய்ச் சேர்ந்தது.

மகனும் அவர் ரத்தம்தானே. ‘திருப்பிக் கூப்பிட வேண்டாம்’ என்றால் கூப்பிடமாட்டான். அம்மாவிடம் மட்டும் எப்போதாவது பேசிக்கொண்டிருந்தான். கொஞ்ச காலமாக அதுவும் இல்லை. ‘வேலை ஜாஸ்திம்மா’ என்று எழுத்தில் தட்டி அனுப்புவதோடு சரி. பெரிய ஆளாகிவிட்டான் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

ஆல்பம் வந்த பிறகு அவரால் தெருவில் நடக்க முடியவில்லை. மருந்துக்கடைக்காரர் நல்ல மனிதர், கேலிக்காரர் இல்லை. அவரே, “சார், தகவலுக்காக, உங்க மாத்திரை வந்துடுச்சு” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பேருந்து நிறுத்தத்தில் நின்ற கல்லூரிக் கூட்டத்தில் ஒருத்தன் “தகவலுக்காக!” என்று குரல் கொடுக்க, மற்றவர்கள் “திருப்பிக் கூப்பிட வேண்டாம்!” என்று முடித்தார்கள். அவர்களுக்கு இவரை யாரென்றே தெரியாது. தெரியாமல் சொல்வதுதான் அவருக்குக் கூடுதலாகச் சுட்டது. தன் குரல் வீடு வாசல் இல்லாமல் தெருவில் திரிகிறது என்று நினைத்தார்.

மூஞ்சியில் எள்ளும் கொள்ளும் வெடிக்க வீட்டுக்கு வந்தவர், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மகனைக் கூப்பிட்டார். பட்டப்பகல். மேடை எதுவும் இல்லாத நாள். பிள்ளை எடுக்க வேண்டும் என்று நினைத்து அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ‘அந்த இரண்டு பாட்டையும் எடுத்துவிடு’ என்று ஒரே வாக்கியம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

வேறு யாரோ எடுத்தார்கள். “ஹலோ, யாரு?”

“நீ யாரு? இது என் பையன் போன்.”

“ஐயோ, அப்பாவா? தகவல் அப்பாவா?” பின்னால் யாரோ சிரித்தார்கள். “சும்மா இருங்கடா... அப்பா, நான் டிரம்ஸ் வாசிக்கிறவன். என்னைத் தடியன்னுதான் கூப்பிடுவாங்க. என்ன சொல்லணுமோ சொல்லுங்க, நான் போன்ல தட்டிக் காட்டிடறேன்.”

“நீ எதுக்குத் தட்டணும்? அவனுக்கென்ன, காது இல்லையா?”

 மறுமுனையில் கதவு ஒன்று திறந்து மூடும் ஓசை. ஆள் வெளியே வந்திருக்க வேண்டும்.

“உங்களுக்குத் தெரியாதாப்பா? அம்மாவுக்கும் சொல்லலையா அவன்? பாவி.”

காது போய்விட்டது என்றான். முதலில் இடது காது, போன வருஷம் வலது காது. நரம்பு செத்துவிட்டது, கருவி மாட்டியும் பயனில்லை என்று மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள். வலது காதில் கொஞ்சம் மிச்சம் இருந்தபோதுதான் அப்பா வைத்த பழைய தகவல்களையெல்லாம் எடுத்து, கேட்டுக் கேட்டு, அதற்கு மெட்டுப் போட்டான். கடைசிப் பாட்டுகள் பதிவாகும்போது சுத்தமாகக் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலை டிரம்ஸின் பெரிய கொட்டு மேல் வைத்துக்கொண்டு, அதன் அதிர்வைப் பிடித்து வாசித்தான்.

“இதோட குழுவைக் கலைக்கிறோம்ப்பா. அறையைக் காலி பண்ணிக்கிட்டிருக்கோம்.”

“காது போனதுக்கப்புறமும் நான் தகவல் வச்சேனே.”

“நாங்கதான் கேட்டு எழுதிக் காட்டுவோம்.”

“அப்போ என் வீட்டு விஷயமெல்லாம் உங்களுக்குத் தெரியும்.”

“அம்மா முட்டி வரைக்கும் தெரியும்ப்பா.”

வேறொரு நாளாக இருந்தால் அந்த இடத்திலேயே வைத்திருப்பார். வைக்கவில்லை. “எழுதிக் காட்டினா என்ன சொல்லுவான்?” என்று கேட்டார்.

“படிப்பான். ‘இவ்வளவுதானா, வேற ஏதாச்சும் சொன்னாரா’ன்னு கேப்பான். வேற ஒண்ணும் இல்லடான்னு சொல்லுவோம்.”

அவர் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

“நேர்ல வந்து பேசுங்கப்பா” என்றான் தடியன். “உதட்டைப் பார்த்துக் கொஞ்சம் புரிஞ்சுக்குவான். நான் பேசினா நல்லாவே புரியும். எனக்கு வாய் பெருசு.”

அதன் பிறகு பாட்டை எடுக்கச் சொல்லும் நினைப்பே அவருக்கு வரவில்லை. பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். தன் வாயால் கூப்பிட்டு, அது அவனுக்குப் புரிந்து, அவன் வர வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். மறுநாள் காலை முகம் கழுவப் போனவர் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார். மீசை மேலுதட்டை முழுக்க மூடிக் கீழுதட்டில் பாதியைத் தொட்டுக்கொண்டிருந்தது. ‘கிளம்பு’ என்று சொல்லிப் பார்த்தார். ‘வா’ என்று சொல்லிப் பார்த்தார். கண்ணாடியில் மீசை மட்டும்தான் அசைந்தது.

அவர் வெளியே வந்தபோது மனைவி பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டாள். “கல்யாணம் ஆனதிலிருந்து நான் சொல்றேன், அப்போ எல்லாம் எடுக்கல. இன்னைக்கு யாரைப் பார்க்கப் போறீங்க?”

“வேலை இருக்கு.”

“ஓய்வு வாங்கினவருக்கு என்ன வேலை? சரி, முகம் பார்க்க நல்லாத்தான் இருக்கு. வேற யாரோ மாதிரி.”

அவளிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மகனே சொல்லாததைத் தான் எப்படிச் சொல்வது? பேருந்தில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனார். காற்று மேலுதட்டில் பட்டுக் குளிர்ந்தது. அறிமுகமில்லாத இடத்தில் சட்டையில்லாமல் நிற்பதுபோல் இருந்தது.

குழுவின் அறை மரச்சாமான் கிடங்கு ஒன்றின் மேல்மாடியில் இருந்தது. சரக்கு ஏற்றும் லிப்ட் திறந்து கிடந்தது. பழக்க தோஷத்தில் உள்ளே தொங்கிய சான்றிதழைப் பார்த்தார். காலாவதியாகியிருந்தது. படி ஏறினார். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் மூச்சு வாங்க நின்றார்.

அறையின் சுவரில் ஒட்டியிருந்த ஒலி தடுக்கும் பஞ்சுப் பலகைகளைப் பாதிக்கு மேல் பெயர்த்துவிட்டார்கள். பெயர்த்த இடங்களில் பசைக் கோடுகள் மஞ்சளாகத் தெரிந்தன. தரையெங்கும் பெட்டிகள். நடுவில் ஒரு கறுப்புப் பெட்டியின் மேல் உட்கார்ந்து அவர் மகன் நீளமான கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. அவர் கண்முன் வளர்ந்த பிள்ளைக்கு நரை இல்லை.

நிழல் விழவும் நிமிர்ந்தான். “வண்டிக்காரரா? கீழயே இருங்க, சாமான் இறக்கிடறோம்” என்றான். குரல் தேவைக்கு மேல் பெரியதாகவும் ஏற்ற இறக்கம் இல்லாமலும் இருந்தது.

அவர் அசையாமல் நின்றார். அவன் கை மெல்ல நின்றது.

“அப்பா? மீசை எங்கே?”

“உனக்காகத்தான் எடுத்தேன்” என்றார். அவன் உதட்டையே பார்த்தான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “கிளம்பு, வீட்டுக்குப் போகலாம்” என்றார். அதற்கும் இல்லை.

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

சொன்னார். அவன் இல்லை என்று தலையசைத்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்த தடியன், பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டான். “அப்பா, பல்லைக் கடிச்சுக்கிட்டே பேசறீங்களே. வாயைத் திறந்து பேசுங்க. உதடு அசைஞ்சாத்தான் அவனுக்குத் தெரியும்.”

உதடு பிரியாமல் பேசுவது அவருடைய இயல்பு. அலுவலகத்தில் கீழே வேலை பார்த்தவர்கள் குனிந்து காதைக் கொடுத்துத்தான் அவர் சொல்வதைக் கேட்பார்கள். அந்தக் குனிவைத்தான் அவர் மரியாதை என்று எண்ணியிருந்தார். இப்போது வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகப் பிய்த்துப் பிய்த்துச் சொன்னார். கழுத்து நரம்பு புடைத்தது.

மகன் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தான். “கோவமா இருக்கீங்கன்னு மட்டும் புரியுது. பாட்டுல போட்டதுக்குத்தானே? எடுக்கச் சொல்லிடறேன்ப்பா.”

“கோவம் இல்லடா!” என்றார். அதுவும் கோபமாகத்தான் தெரிந்திருக்கும்.

“என்கிட்ட சொல்லுங்கப்பா” என்று தடியன் கைப்பேசியை எடுத்தான். “நீங்க சொல்லச் சொல்ல நான் தட்டறேன். எனக்குப் பழக்கம்தானே.”

அவர் தடியனைப் பார்த்தார். நல்ல பையன். தன் வீட்டுக் கதையை முழுக்கத் தெரிந்தவன். ஆனாலும், ‘நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை’ என்பதை இன்னொருத்தன் முன்னால் எப்படிச் சொல்வது? வாய் வரைக்கும் வந்தது. வாயைத் தாண்டவில்லை.

“நானே எழுதறேன்” என்றார். தடியன் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு, ஒரு பெட்டியைச் சும்மா தூக்கிக்கொண்டு வெளியே போனான்.

ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அழுத்தினார். பேருந்தில் அடுக்கிவைத்ததெல்லாம் எங்கே போனதோ, திரையில் வந்தது ‘வீட்டுக்கு வா’ மட்டும்தான். படித்துப் பார்த்தால் காவலாளிக்கு இடும் கட்டளை மாதிரி இருந்தது. ‘தயவுசெய்து’ என்று முன்னால் சேர்த்தார். அது மேலதிகாரிக்கு எழுதுவதுபோல் இருந்தது. அதை அழித்துவிட்டு அப்படியே நீட்டினார்.

மகன் படித்தான். கீழே வேறு ஏதாவது இருக்கிறதா என்று திரையை விரலால் தள்ளிப் பார்த்தான். பிறகு கைப்பேசியை முழங்கால் மேல் வைத்துக்கொண்டான்.

“வந்து? கதவைத் திறந்ததும் அம்மா பேச ஆரம்பிச்சிடுவாங்க. நான் தலையாட்டணும். பாப்பா பாட்டுப் போட்டுக் காட்டுவா, ‘மாமா, இந்த இடம் எப்படி இருக்கு’ன்னு கேப்பா. அதுக்கும் தலையாட்டணும். இவனுங்க நாலு பேருக்குத் தலையாட்டியே ஓஞ்சு போய்தான் குழுவைக் கலைச்சிடலாம்னேன். சோளக்கொல்லையில பொம்மை நிக்குமே, அப்படித்தான் மேடையில நின்னேன். யாரும் இல்லாத இடமாப் பார்த்து ஒரு வேலை சொல்லி வச்சிருக்கேன். குளிர்பதனக் கிடங்கு. உள்ள போனா மெஷின் இரைச்சல்ல யாரும் யாரோடயும் பேச முடியாது. எனக்கும் அவங்களுக்கும் ஒண்ணுதான்.”

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவன் கையை உயர்த்தித் தடுத்தான்.

“வேண்டாம்ப்பா. மத்தவங்ககிட்ட புரிஞ்ச மாதிரி நடிக்கிறேன். உங்ககிட்ட நடிக்க முடியாது. புரியலை.”

சுருட்டிய கம்பியின் முனையை எடுத்துக் கட்டினான். பிறகு, கடை இடம் மாறிவிட்டது என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னான்.

“பாட்டெல்லாம் இன்னும் உள்ள ஓடுதுப்பா. குரல்தான் நிக்க மாட்டேங்குது. முதல்ல அம்மா குரல் போச்சு. உங்களோடது கொஞ்ச நாள் கூட இருந்துச்சு, அதையே வச்சு வேலை பண்ணினதால. இப்போ அதுவும் போயிடுச்சு. என்ன சொல்றீங்கன்னு ஞாபகம் இருக்கு. எப்படிச் சொல்றீங்கன்னு இல்லை. பாட்டுல வச்சா தங்கிடும்னு நினைச்சேன். தங்கியிருக்கு, ஊருக்கெல்லாம் கேக்குது.”

அவர் கைப்பேசியை மறுபடி வாங்கினார். ‘நான்’ என்று எழுதினார். அடுத்த சொல்லுக்கு விரல் அலைந்தது. திரை தானாக அணைந்தது. அதை எப்படித் திறப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அவனிடம் நீட்டித் திறக்கச் சொல்லவும் மனம் வரவில்லை.

“அம்மாகிட்ட இப்போதைக்குச் சொல்லாதீங்க” என்றான் மகன். “நானே எழுதறேன், ஒரு நாள்.”

அவர் தலையாட்டினார். அது மட்டும் அவனுக்குப் புரிந்தது.

பேருந்து நிறுத்தம் வரை மகன் கூடவே வந்தான். படி இறங்கும்போது கையைப் பிடிக்க வந்தவன், அப்பாவுக்குப் பிடிக்காது என்று நினைத்தானோ என்னவோ, ஒரு படி முன்னால் இறங்கி, அவர் விழுந்தால் தாங்கும் தூரத்தில் நடந்தான். தெருவில் லாரிகளும் தள்ளுவண்டிகளும் முட்டி மோதிக்கொண்டிருந்தன. அவ்வளவு இரைச்சலிலும் அவன் மூடிய அறையில் நடப்பதுபோல் நடந்தான்.

நிறுத்தத்தில் அவன் சாலையின் விளிம்பில், வண்டிகளுக்கு முதுகைக் காட்டி நின்றான். பேருந்து வந்தது. ஓட்டுநர் தூரத்திலிருந்தே ஒலியெழுப்பினார். விட்டுவிட்டு, பிறகு விடாமல். நிறுத்தத்தில் நின்ற அத்தனை பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். மகன் அப்பாவின் மழித்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் ஓரெட்டு முன்னால் பாய்ந்து அவன் சட்டைக் கையைப் பற்றி இழுத்தார். பேருந்து அவன் தோளை உரசாத குறையாக வந்து நின்றது.

“பையனுக்குக் காது கேக்காதா பெரியவரே?” என்று ஓட்டுநர் கத்தினார்.

நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார். எல்லாரும் கேட்கக் காத்திருந்தார்கள். மகன் மட்டும், என்ன நடந்தது என்று தெரியாமல், தன் கையைப் பற்றியிருந்த அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கேக்காது” என்றார்.

பேருந்தில் ஏறுகிறவர்கள் ஏறினார்கள். அவர் ஏறவில்லை. பேருந்து போனது. சட்டைத் துணி அவர் பிடிக்குள் கசங்கி ஈரமாகிவிட்டிருந்தது. அடுத்த பேருந்து வந்தபோது மகன்தான் முதலில் பார்த்தான். தன் கையை விலக்கிக்கொண்டு, அவர் முதுகில் கை கொடுத்துப் படியில் ஏற்றிவிட்டான். உள்ளே, மகன் நின்ற பக்கம் ஜன்னலோரம் இடமில்லை. எதிர்ப்பக்கம் ஓர் இருக்கை காலியாக இருந்தது. அவர் அதில் போய் உட்கார்ந்தார்.